பிள்ளைப் பருவக் காயமும் பெரியவர் மனச்சோர்வும் – கரவனெல்லப் பக்கத்திலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் ஏ-7 வீதியில், யட்டியாந்தோட்டைக்குச் சற்று முன்னதாக வருகின்ற சிறிய ஊர் கரவனெல்ல. புளத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலைக்குச் செல்லும் வீதி இங்கிருந்துதான் பிரிகிறது. ஒரு சந்தி, சில கடைகள், ஓர் ஆதார வைத்தியசாலை, பக்கத்தில் களனி கங்கை. சுற்றிலும் இறப்பர் மரங்கள். மலையில் ஏற ஏறத் தேயிலை. மலையகம் என்றதும் ஹட்டனையும் நுவரெலியாவையும் மட்டும் நினைத்துக்கொள்ளும் வெளிநாட்டு வாசகர்கள் பலருக்கு, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள் என்பது தெரியாமலிருக்கலாம். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள தோட்டங்களில், எண்ணிக்கையிலும் அரசியல் பலத்திலும் குறைந்தவர்களாக அவர்கள் வாழ்கிறார்கள்.

2016 மே மாத நடுப்பகுதியில் பெய்த பெருமழையில், கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது உலகச் செய்தியாயிற்று. அதே மழையில் புளத்கொஹுபிட்டியப் பகுதியில் களுபஹன தோட்டத்து லயத்தின் மீதும் மண் சரிந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைக் கொண்டு போனது. பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட போதிலும் பழக்கம் விடவில்லை. சில நாட்களின் பின்னர் கரவனெல்ல வழியாக அப்பக்கம் போனேன். இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த இடமொன்றில் சமையலுக்கு உதவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். எத்தனை குடும்பம், எத்தனை பேரைக் காணவில்லை, நிவாரணம் வந்து சேர்ந்ததா? பதில் சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஐயா, செத்தவங்க கணக்கு கேக்குறீங்க. அந்தா உக்காந்திருக்குதே அந்தப் புள்ளைங்க, அதுங்க ராத்திரியில தூங்குதான்னு யாருமே கேக்கலியே" என்றார்.

செய்தியாளனாக இருந்த அத்தனை ஆண்டுகளிலும் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தாமதமாகத் தேடிய பதில்.

அந்தச் சகோதரியின் கதையை முதலில் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதவாறு சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன். அவர் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1981 ஆகஸ்ட் வன்செயலின்போது அவர்களுடைய லயத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது எட்டு. தாயும் பிள்ளைகளும் இரண்டு இரவுகள் இறப்பர்க் காட்டில் ஒளிந்திருந்துவிட்டுக் கரவனெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்த மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பத்து வயதில் அவர் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டில் நடந்தவற்றைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒரேயொரு வசனம். "அடிச்சது மட்டும்னா மறந்திருப்பேன் ஐயா."

பதினான்கு வயதில் திரும்பி வந்தார். பால் வெட்டினார். மணம் முடித்தார், பிள்ளைகளைப் பெற்றார். நாற்பதை நெருங்கும்போது உடம்பு தளர்ந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். சோறு இறங்காது. பால் வெட்டும் கத்தியைப் பிடித்த கை எழாது. தலைவலி, நெஞ்சில் பாரம், கை கால் உளைச்சல். ஒரு வைத்தியசாலையில் (பெயர் வேண்டாம்) பல மாதங்கள் தலைவலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது என்ன மருந்து, எத்தனை நாளில் வேலை செய்யும் என்று அவருக்கு விளங்கும் மொழியில் யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் பலன் தெரியாததால் நிறுத்திவிட்டார். மூன்றாவதாகப் போன இடத்தில் தமிழ் பேசும் இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். "அம்மா, சின்ன வயசில உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளில் அப்படிக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். அந்த மருந்தும் மாதா மாதம் நடந்த பேச்சும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தன. என்னைச் சந்தித்தபோது அவர் மழை இரவுகளிலும் தூங்கப் பழகியிருந்தார். அதனால்தான் மற்றப் பிள்ளைகளின் தூக்கம் அவர் கண்ணில் பட்டது.

தோட்டத்துப் பிள்ளையின் வரலாறு

மலையக மக்களின் வரலாற்றை நாம் உழைப்பின் வரலாறாகவும் உரிமை இழப்பின் வரலாறாகவும் எழுதியிருக்கிறோம். 2023-இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுகள் நினைவுகூரப்பட்டபோதும், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தபோதும், பேசப்பட்டவை பெரும்பாலும் சம்பளம், காணி, வீடு, குடியுரிமை ஆகியனவே. அவை பேசப்பட வேண்டியவைதாம். ஆயினும் அந்த வரலாற்றைப் பிள்ளையின் கண்ணால் பார்த்து எழுதியவர்கள் மிகச் சிலர்.

பிள்ளையின் கண்ணால் பார்த்தால் என்ன தெரியும்? விடிவதற்கு முன்னரே பெரட்டுக்குப் போய்விடும் தாய் தெரிவார். புள்ளமடுவத்தில் ஓர் ஆயம்மாவின் பொறுப்பில் பல குழந்தைகள் தொட்டிலில் கிடப்பது தெரியும். நடக்கத் தெரிந்ததும் புல் வெட்டவும் விறகு பொறுக்கவும் தம்பி தங்கையரைத் தூக்கவும் பழகிய கைகள் தெரியும். 1927-இல் கொண்டுவரப்பட்ட குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம், பிள்ளைக்கு ஒரு சம்பளம் என்று வகுத்தது. பிள்ளை உழைப்பு தோட்டக் கணக்கின் சாதாரணப் பகுதியாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பிரிவும் இந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 1964 ஒக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டார்கள். மிகுதி 150,000 பேரின் தலைவிதி 1974-இல் பாதிப் பாதியாகத் தீர்க்கப்பட்டது. தாத்தாவும் அப்பாயியும் இந்தியா, மகன் குடும்பம் இலங்கை. அண்ணன் இந்தியா, தங்கை இலங்கை. தலைமன்னாருக்குப் புறப்படும் கோச்சியைப் பிடித்துக்கொண்டு அழுத கூட்டத்தைப் பற்றி எங்கள் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. தன்னை வளர்த்த அப்பாயி ஏன் திரும்பி வரவில்லை என்று விளங்காமல் நின்ற ஐந்து வயதுப் பிள்ளையை அந்தக் கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. இன்று அந்தப் பிள்ளைக்கு ஐம்பதுக்கு மேல். கோத்தகிரியிலோ கூடலூரிலோ யட்டியாந்தோட்டையிலோ இருக்கலாம்.

பிறகு பசி. 1973, 1974 ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மரண விகிதம் உயர்ந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பட்டினங்களின் தெருக்களில் கையேந்தி நின்றதைக் கண்டவர்களில் நானும் ஒருவன். பிறகு தீ. 1977, 1981, 1983 ஆகிய மூன்று ஆண்டுகளின் வன்செயல்களிலும் சப்ரகமுவத் தோட்டங்கள் தப்பவில்லை. குறிப்பாக 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. அப்போது நான் இளம் நிருபர். எரிந்த லயங்களின் எண்ணிக்கையையும் அகதிகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு கொழும்புக்குத் திரும்பினேன். தணிக்கையைத் தாண்டி அந்த எண்களை அச்சிலேற்றியதே பெரிய சாதனை என்று அன்று நினைத்தேன். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். நான் அவளைக் கடந்து போயிருக்கலாம்.

இதற்கெல்லாம் மேலாக, வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள். கொழும்பிலும் கண்டியிலும் வசதியான வீடுகளின் குசினிகளில் மலையகச் சிறுவர் சிறுமியர் வளர்ந்தது பல பத்தாண்டுகளாக எல்லோரும் அறிந்த விடயம். தமிழ் வீடுகளும் இதில் விதிவிலக்கல்ல என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 ஜூலையில் கொழும்பில் வீட்டு வேலைக்கிருந்த மலையகச் சிறுமி ஒருவர் தீக்காயங்களுடன் மரணமானபோதுதான் நாடு சற்று அதிர்ந்தது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 14-இலிருந்து 16-ஆகச் சட்டப்படி உயர்த்தப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

வைத்தியம் கேட்கக் கற்றுக்கொண்ட கதை

சிறு வயதில் பயந்த பிள்ளைக்குப் "பயந்த கோளாறு" என்று திருநீறு போடுவதும் தாயத்துக் கட்டுவதும் நம் வழக்கம். தோட்டத்துக் கோடாங்கியும் உடுக்கையை அடிக்கு முன்னர், எங்கே பயந்தாய், எப்போது பயந்தாய் என்று கேட்பான். அவனுடைய வைத்தியத்தை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் பயம் உடம்பில் தங்கிவிடும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மேலை மருத்துவம் இந்த உண்மையைக் கண்டும் கைவிட்டும் மீண்டும் கண்டும் வந்திருக்கிறது. 1896-இல் வியன்னாவில் சிக்மண்ட் பிராய்ட், தம்மிடம் வந்த நோயாளரின் துன்பத்துக்குப் பின்னால் சிறு வயதில் நேர்ந்த பாலியல் கொடுமை இருக்கிறது என்று மருத்துவர்கள் முன்னிலையில் பேசினார். அடுத்த ஆண்டே அந்தக் கருத்திலிருந்து பின்வாங்கினார். அதன் பிறகு நீண்ட காலம் அந்தப் பேச்சு மங்கிக் கிடந்தது. 1962-இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் சகாக்களும், பெற்றோரால் அடித்து நொறுக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டபோதுதான், வீட்டுக்குள் நடப்பதை மருத்துவம் பார்க்கத் தொடங்கியது.

1978-இல் ஜோர்ஜ் பிரவுண், டிரில் ஹரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தென் லண்டனில் கேம்பர்வெல் என்னும் பகுதியின் பெண்களை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார்கள். எந்தப் பெண்களை மனச்சோர்வு எளிதில் பற்றுகிறது என்று அவர்கள் தேடினார்கள். பதினொரு வயதுக்கு முன்னர் தாயை இழந்தவர்கள், மனம் விட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாதவர்கள், வீட்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகள் உள்ளவர்கள், வெளியில் வேலை இல்லாதவர்கள் என்று அவர்கள் பட்டியலிட்டார்கள். கடைசிக் காரணத்தைத் தவிர மற்றவை எல்லாம் நம் லயங்களுக்கும் பொருந்தும். நம் பெண்களுக்கு வேலைக்குக் குறைவில்லை, ஓய்வுக்குத்தான் குறை.

1998-இல் வின்சன்ட் பெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோர் கலிபோர்னியாவில் நடத்திய ஆய்வு வெளிவந்தது. 9,500-க்கும் மேற்பட்ட வளர்ந்தவர்களிடம் அவர்களது பிள்ளைப் பருவம் பற்றிக் கேட்டார்கள். அடி, ஏச்சு, பாலியல் கொடுமை, தாய் அடிபடுவதைப் பார்த்தல், வீட்டில் குடி, வீட்டில் மனநோய், வீட்டிலிருந்து ஒருவர் சிறை செல்லல் என ஏழு வகை. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளை அனுபவித்தவர்களுக்கு மனச்சோர்வு, குடி, போதை, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை அதிகம் என்று கண்டார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

நம் நாட்டிலும் இந்தக் கணக்கு போடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் போர்க் காலமெல்லாம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளத் தாக்கத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். "மனவடு" என்ற சொல் நம்மிடையே பழகியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 2008-இல் வெளியான மற்றொரு ஆய்வு, வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றியது. அவர்களில் 82.4 வீதத்தினர் போரோடு தொடர்புடைய ஏதேனும் ஒரு கொடுமையை அனுபவித்திருந்தார்கள். ஆனால் 95.6 வீதத்தினர் வீட்டுக்குள் ஏதேனும் ஒரு வன்முறையை அனுபவித்திருந்தார்கள். தகப்பனின் குடிக்கும் பிள்ளையின் அடிக்கும் தொடர்பிருப்பதையும் அந்த ஆய்வு காட்டியது. குண்டு விழாத பிள்ளைகள் இருந்தார்கள். அடி விழாத பிள்ளைகள் அரிதாகவே இருந்தார்கள்.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. அரசையும் காடையரையும் குற்றம் சாட்டி எழுதுவது எங்களுக்குப் பழக்கப்பட்டது. எங்கள் வீட்டு வார்ப்பட்டியைப் பற்றி எழுதப் பழகவில்லை. எரிந்த லயத்தைப் பார்த்த பிள்ளையும், கசிப்பு வெறியில் வந்த தகப்பனிடம் தாய் அடிபடுவதைப் பார்த்த பிள்ளையும் சில வேளைகளில் ஒரே பிள்ளைதான்.

குணமாகுமா?

இனி வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். சிறு வயதில் இத்தனையும் பட்டவருக்கு வளர்ந்த பின் மனச்சோர்வு வந்தால், அது வைத்தியத்துக்குக் கட்டுப்படுமா?

1950-களின் பிற்பகுதியில்தான் மனச்சோர்வுக்கான முதல் மாத்திரைகள் வந்தன. யாருக்கு மாத்திரை, யாருக்குப் பேச்சு என்ற வாதமும் கூடவே வந்தது. 2003-இல் சார்ள்ஸ் நெமரோஃப் குழுவினர் நாட்பட்ட மனச்சோர்வுள்ள 681 பேரின் சிகிச்சையை ஆராய்ந்து, சிறு வயதில் காயம்பட்டவர்களுக்கு மாத்திரையை மட்டும் கொடுப்பதைவிட உளச்சிகிச்சை சிறப்பாகப் பலனளித்ததாக அறிவித்தார்கள். 2012-இல் நன்னி, ஊஹர், டனேசே ஆகிய மூவர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிள்ளைப் பருவக் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருவதற்கும் நீடிப்பதற்கும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு என்றும், சிகிச்சையில் நோய் நீங்காமல் போகும் வாய்ப்பும் அதிகம் என்றும் அவர்கள் எழுதினார்கள். இந்த முடிவு பரவலாக எடுத்துச் சொல்லப்பட்டது. அது சொல்லப்படும்போது சிலரது காதில், "இவர்களுக்கு வைத்தியம் செய்து பயனில்லை" என்று விழுந்திருக்கக்கூடும். நோயாளியே அப்படி நம்பிவிட்டால் கிளினிக்குக்கு வருவதை நிறுத்திவிடுவார்.

2022-இல் "லான்செட் சைக்கியாட்ரி" என்ற மருத்துவ இதழில் இதைவிடப் பெரிய தொகுப்பு வெளியாயிற்று. நெதர்லாந்தைச் சேர்ந்த எரிகா குஸ்மின்ஸ்கைட்டேயும் பல நாட்டு ஆய்வாளர்களும் 29 சிகிச்சை ஆய்வுகளின் விபரங்களைச் சேர்த்து 6,830 நோயாளரைப் பார்த்தார்கள். அவர்களில் 4,268 பேர், அதாவது பத்தில் ஆறு பேருக்கு மேல், பிள்ளைப் பருவக் காயமுள்ளவர்கள். அவர்கள் சிகிச்சைக்கு வரும்போது மற்றவர்களைவிட நோய் கூடியவர்களாக இருந்தார்கள். ஆனால் மாத்திரையாலும் உளச்சிகிச்சையாலும் அவர்கள் அடைந்த முன்னேற்றம் மற்றவர்கள் அடைந்த முன்னேற்றத்துக்குச் சமமாகவே இருந்தது. அவர்கள் சிகிச்சையை இடையில் விட்டுப் போனதும் மற்றவர்களைவிட அதிகமில்லை.

இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பது போலத் தோன்றும். தோட்டத்து உதாரணம் ஒன்றால் விளக்குகிறேன். கீழ்க்கணக்கிலிருந்து ஒரு பெண்ணும் மேற்கணக்கிலிருந்து ஒரு பெண்ணும் மலையுச்சிக் கோயிலுக்கு ஏறுகிறார்கள். இருவரும் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் நடக்கிறார்கள். மேற்கணக்குப் பெண் கோயில் வாசலுக்கு வந்துவிட்டாள். கீழ்க்கணக்குப் பெண் இன்னும் பாதி வழியில் நிற்கிறாள். கோயில் வாசலில் நின்று பார்ப்பவர் அவள் நடக்கவே இல்லை என்று சொல்லக்கூடும். அவள் ஏறிய தூரம் அதே தூரந்தான். புறப்பட்ட இடம்தான் பள்ளம். அவளுக்கு இன்னும் சிறிது நேரமும், கூட வர ஓர் ஆளும் வேண்டும்.

இந்த ஆய்வு நோயாளரின் சொந்த நினைவையே பெரிதும் நம்பியது. விபரங்கள் பெரும்பாலும் செல்வந்த நாடுகளிலிருந்து வந்தவை. அதனால் கரவனெல்லப் பக்கத்துக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் அதன் சாரம் எங்களுக்கும் வேண்டியது. சிறு வயதில் கெட்டுப் போனவர் என்று யாரையும் வைத்தியத்திலிருந்து தள்ளிவிடுவதற்கு மருத்துவத்தில் ஆதாரமில்லை.

எங்கே தடைபடுகிறது?

தோட்டத்திலோ வைத்தியம் தொடங்குமுன்னரே தடைபட்டு விடுகிறது. இலங்கையில் மனநோய் வைத்தியம் என்றால் நெடுங்காலம் அங்கொட ஒன்றுதான். ஊரில் ஒருவரை ஏசுவதற்கும் "அங்கொடைக்கு அனுப்ப வேண்டியது" என்றே சொல்வோம். 2005-இல் வந்த தேசிய மனநலக் கொள்கை, இந்தச் சேவையைத் தலைநகரிலிருந்து மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுவர முயன்றது. கிளினிக்குகள் பெருகின. அங்கொட வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாறியது. இவை நல்ல மாற்றங்கள்.

ஆனால் கிளினிக்குக்குப் போகும் நாள் தொழிலாளிக்கு வேலையில்லாத நாள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. ஒரு கிளினிக் நாள் அன்றைய நாட்சம்பளத்தையும் பஸ் காசையும் கொண்டு போய்விடும். மொழித் தடை அடுத்தது. 1987-இல் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. கால் முறிந்தவர் காலைக் காட்டினால் போதும், மொழி தெரியாத வைத்தியரும் மருந்து செய்வார். மனம் முறிந்தவர் எதைக் காட்டுவார்? அவரிடமிருப்பது சொல் மட்டுந்தான். சிங்களத்தில் அவரால் சொல்ல முடிந்தது தலைவலி ஒன்றே. ஆகவே தலைவலிக்கே மருந்து கிடைக்கிறது. இதில் தனிப்பட்ட வைத்தியர்களைக் குறை சொல்வது சரியல்ல. கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் இரண்டு நிமிடத்தில் எவர்தான் ஒருவரின் பிள்ளைப் பருவத்தைக் கேட்க முடியும்?

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. அனர்த்தம் நடந்தவுடன் ஓடிப்போய், நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லும்படி வற்புறுத்துவதால் நன்மையில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. முதலில் பாதுகாப்பான இடம், உணவு, தெரிந்த முகம், கூடிய விரைவில் பாடசாலை. பேச விரும்பும்போது காது கொடுக்க ஒருவர். தூக்கமின்மையும் பயமும் வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியம். பெரியவர்களுக்கு மாத்திரை கொடுத்தால், அது வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதையும், சுகம் வந்த பின்னரும் பல மாதங்கள் தொடர வேண்டும் என்பதையும், தாமாக நிறுத்தக்கூடாது என்பதையும் அவருடைய மொழியில் சொல்ல வேண்டும். அந்தச் சகோதரியிடம் இரண்டாவது இடத்தில் இதைத் தமிழில் சொல்லியிருந்தால், அவருடைய துன்பம் முன்னரே குறையத் தொடங்கியிருக்கலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மீண்டும் மலைகளைச் சரித்தது. தொலைக்காட்சியில் மரண எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. எனக்கோ 2016-இன் அந்தக் கேள்விதான் காதில் ஒலித்தது. தெரிந்த இளம் நிருபர் ஒருவர் மலையகத்துக்குப் புறப்படுமுன் ஆலோசனை கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, கணக்கை எடு. எடுத்து முடிந்ததும் அங்கேயுள்ள பிள்ளைகள் தூங்குகிறார்களா என்று தாய்மாரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அதையும் செய்தியில் எழுது" என்றேன். அவர் எழுதினார். நான் 1981-இல் எழுதியிருக்க வேண்டிய வரி அது.

இதை வாசிப்பவர்களில், ரொறன்ரோவிலோ லண்டனிலோ சென்னையிலோ, தம் சிறு வயதை யாரிடமும் சொல்லாதவர்கள் இருக்கக்கூடும். பல ஆண்டுகளாக மருந்தெடுத்தும் முழுச் சுகம் காணாமல், இனி என்ன என்று இருப்பவர்களும் இருக்கக்கூடும். வைத்தியரிடம் அடுத்த முறை போகும்போது அந்தப் பழைய கதையின் ஒரு வரியையேனும் சொல்லிப் பாருங்கள். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும், பிள்ளைகளுக்கு எதிரான கொடுமைகளை அறிவிக்க தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கமும் உண்டு. இந்தியாவில் 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் இலக்கம் 14416.

அந்தச் சகோதரியைக் கடைசியாகக் கரவனெல்லச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கண்டேன். மாத்திரை இப்போது இல்லை என்றார். கையில் பேத்தியைப் பிடித்திருந்தார். எங்கே பயணம் என்று கேட்டேன். "இஸ்கூலுக்குச் சப்பாத்து வாங்க, ஐயா" என்றார்.